பகிடிக்கு விழுகிறவன்

யாராவது நல்ல பகிடி சொன்னால் நான் விழுந்துவிடுவேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. முழங்கால் மடிந்து, தாடை தொங்கி, கையிலிருக்கும் தேத்தண்ணிக் கோப்பையோடு நிலத்தில் விழுவேன். நினைவு மட்டும் தப்பாது. "தண்ணி அடிச்சிருக்கிறான்" என்று ஒருவர் சொல்வது கேட்கும். சோடா உடைக்கச் சொல்லி இன்னொருவர் கத்துவது கேட்கும். சேர்ட் பொக்கற்றில் இருந்து விழுந்த நூறு ரூபாயை யார் எடுக்கிறார் என்பதுகூடத் தெரியும். வாய் திறந்து கேட்கத்தான் முடியாது. ஒரு நிமிடத்தில் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு நடப்பேன். நூறு ரூபாய் இதுவரை திரும்பி வந்ததில்லை.

இதைவிடக் கொடுமை, மற்றவர் விடும் பகிடியைக் காட்டிலும் நானே விடும் பகிடிக்குத்தான் அதிகம் விழுவேன். கதையை மெல்லக் கட்டிக்கொண்டு போய், கடைசி வரி நாக்கு நுனிக்கு வரும்போது அது எவ்வளவு நல்ல வரி என்பது எனக்கே விளங்கிவிடும். உடனே நாக்கு தடித்து, கழுத்து சரிந்து, வரி வயிற்றுக்குள் போய்விடும். நான் தொடங்கி வைத்த பகிடிகள் பல வருடங்களாக எங்கள் ஊரில் முடிவில்லாமல் கிடக்கின்றன.

முதல் தடவை விழுந்தது கடலில். எனக்குப் பதினாறு வயது. பேசாலைக் கரையிலிருந்து அப்பாவின் வள்ளத்தில் போயிருந்தோம். என் கைத்தூண்டிலில் ஒரு பெரிய பாரை இழுத்தது. இழுத்த இழுவையில் எனக்கு வந்த சந்தோசம் இருக்கிறதே, அவ்வளவுதான், வள்ளத்துக்குள் மடிந்துவிட்டேன். பாரை தூண்டிலையும் கொண்டு போனது. "மீன் பிடிக்கக் கூட்டிக்கொண்டு வந்தால், மீன் உன்னைப் பிடிக்குது" என்றார் அப்பா. அதைக் கேட்டு இரண்டாம் தரமும் விழுந்தேன்.

தூக்கம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. வகுப்பில் எழுதிக்கொண்டே தூங்குவேன். கை நிற்காது. கொப்பியில் நல்ல எழுத்தாகத் தொடங்கியது போகப் போக ஈரமணலில் நண்டு ஊர்ந்த தடம்போல ஆகிவிடும். மன்னார் டவுனில் வேலை கிடைத்த பிறகு பஸ்ஸில் ஏறியதும் தூக்கம். பேசாலையில் இறங்க வேண்டியவன் தலைமன்னார் இறங்குதுறையில் கண் விழிப்பேன். திரும்பும் பஸ்ஸிலும் தூங்கி மன்னாரில் விழிப்பேன். ஒரே பின்னேரத்தில் மூன்று தரம் என் வீட்டைக் கடந்து போயிருக்கிறேன். 1964 புயலுக்கு முந்திய காலமென்றால், இறங்குதுறையில் நின்ற கப்பலிலும் என்னை ஏற்றிவிட்டிருப்பார்கள், தனுஷ்கோடியில் விழித்திருப்பேன்.

பட்டப்பெயர் வைக்க ஊரில் யாரும் மூளையைக் கசக்கவில்லை. இராமர் கட்டிய பாலம் வந்து முட்டுவது எங்கள் தீவில்தான், ஆகவே கும்பகர்ணன் எங்களுக்கு அயலூர்க்காரன். எனக்கு அவன்மேல் கொஞ்சம் பொறாமையும் உண்டு. அவ்வளவு தூங்கியும் அவனை ஒருவரும் சோம்பேறி என்று சொல்லவில்லை, சாபம் என்றுதான் சொன்னார்கள்.

பாஸ் நாடகத்தில் எனக்கு அருளப்பர் வேடம் தந்ததற்குக் காரணம் வெளிப்படை. ஜெத்சமனித் தோட்டத்தில் இராயப்பர், யாகப்பர், அருளப்பர் மூவரும் தூங்க வேண்டும். இராயப்பரும் யாகப்பரும் ஒத்திகை பார்த்துத் தூங்கினார்கள். எனக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. ஆண்டவர் மூன்று தரம் வந்து எழுப்பினார், மற்ற இருவரும் எழுந்தார்கள். யூதாசு வந்தான், முத்தம் கொடுத்தான், சேவகர் வந்து என்னைத் தாண்டிப் போய் ஆண்டவரைக் கட்டிக்கொண்டு போனார்கள். திரை விழுந்த பிறகும் அருளப்பர் மேடையில் கிடந்தார். அடுத்த காட்சி பிலாத்துவின் அரண்மனை. அங்கே நான் கிடந்ததற்கு வேதாகமத்தில் ஆதாரம் எதுவும் இல்லை.

வைத்தியத்துக்கும் குறைவில்லை. முதலில் சோம்பல் என்றார்கள், அதற்குப் பூவரசங் கம்பு மருந்து. பிறகு இரத்தம் குறைவென்று முருங்கை இலை. இரவில் கண் விழித்தபடி கை கால் அசையாமல் கிடக்கும்போது நெஞ்சில் ஏறி உட்காரும் கரிய உருவத்தைப் பற்றி அம்மம்மாவிடம் சொன்னேன். "அது அமுக்குவான் பேய் ராசா" என்று தீர்த்தம் தெளித்து, மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தார். நேர்த்தி தீர்க்க ஆவணித் திருவிழாவுக்குப் போய், பூசை முழுக்கத் தூங்கிவிட்டு வந்தேன். கடைசியில் ஒரு கிளினிக்கில் வலிப்பு என்று எழுதி, குளிசை தந்தார்கள். வருடக்கணக்காகக் குடித்தேன். அந்தக் குளிசையின் பக்கவிளைவு தூக்கம்.

போர்க்காலத்தில் இது ஆபத்தில்லையா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சோதனைச் சாவடியில் நான் ஒருநாளும் விழுந்ததில்லை. அங்கே சிரிக்கிறமாதிரி எதுவும் நடக்கவில்லை.

கல்யாணப் பேச்சு வந்தபோது அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்: பெண் சிரிக்க வைக்காதவளாக இருக்க வேண்டும். மூன்று வீடு பார்த்து, முகத்தில் சிரிப்பே காட்டாத ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்தார். முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் பகிடி விடுகிறவர்கள்தான் உலகத்திலேயே மோசமானவர்கள் என்பது அம்மாவுக்குத் தெரியவில்லை. முதல் மாதத்தில் பதினொரு தரம் விழுந்தேன். பிறகு அவள் பழகிக்கொண்டாள். வாயைத் திறக்கும் முன் கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ, ஒண்டு சொல்லப்போறன்" என்பாள்.

வலிப்புக் குளிசைக்குத் துண்டு புதுப்பிக்கப் போன ஒருநாள், புதிதாக வந்திருந்த இளம் டொக்டர் கொப்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "எப்ப விழுவீங்கள்? சிரிக்கேக்கையா?" இருபது வருடமாக எவரும் கேட்காத கேள்வி. "விழேக்க நினைவு இருக்குமா?" என்றார். இருக்கும் என்றேன். நூறு ரூபாய்க் கதையையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். அதைப் பார்த்து நான் கதிரையோடு சரிந்தேன். டொக்டர் ஓடிவந்து தூக்கவில்லை. முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கால் அசையவில்லை. லொத்தர் விழுந்தவர் முகம் அவருக்கு.

கொழும்புக்கு எழுதித் தந்தார். 2015இல் தலைமன்னாருக்கு மறுபடி ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. அதில் போனோம். பாதையில் என்ன பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

அங்கே தலையிலும் தாடையிலும் நெஞ்சிலும் வயர் ஒட்டி இரவு முழுக்கத் தூங்கச் சொன்னார்கள். அன்றைக்கென்று தூக்கம் வரவில்லை. இந்த நோய்க்காரனுக்கு இரவுத் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வருமாம், பகல்தான் அவனுக்குக் கொட்டும். விடிந்ததும் உண்மையான சோதனை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம், மொத்தம் ஐந்து தரம், இருட்டறையில் படுத்துத் தூங்க வேண்டும். என் வாழ்நாளில் ஒருவர் என்னைப் பார்த்து "தூங்குங்கோ" என்று சொன்ன முதல் சோதனை. சராசரியாக எட்டு நிமிடத்துக்குள் தூங்கினால் நோய்ப் பக்கம் என்று கணக்கு. நான் இரண்டு நிமிடம். மற்றவர்களுக்குக் கனவுத் தூக்கம் வர ஒன்றரை மணித்தியாலம் அளவில் ஆகும், எனக்கு ஐந்து தரத்தில் நாலு தரம் உடனே வந்துவிட்டது. "நல்லாச் செய்தீங்கள்" என்றார் மிஸி. பள்ளிக்கூடத்தில் கேட்காத வார்த்தை.

நோயின் பெயர் நார்கொலெப்சி. சிரித்து விழுவதற்குத் தனிப் பெயர், கேட்டப்ளெக்சி. மூளையின் அடியில் ஹைப்போதலமஸ் என்ற இடத்தில் சில பத்தாயிரம் கலங்கள் ஓரெக்சின் என்ற பொருளைச் சுரந்து நம்மை விழிப்பில் பிடித்து வைத்திருக்கின்றன. 1998இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அதைத் தனித்தனியே கண்டுபிடித்தன. ஒரு குழு, இது பசியோடு சம்பந்தப்பட்டது என்று எண்ணி அந்த அர்த்தத்தில் பெயரும் வைத்துவிட்டது. அடுத்த வருடம் ஸ்டான்ஃபோர்டில், சாப்பாட்டைக் கண்ட சந்தோசத்தில் கால் மடிந்து விழும் டோபர்மேன் நாய்களுக்கு அந்தப் பொருளை ஏற்கும் வாங்கிக்குரிய மரபணு பழுது என்று கண்டார்கள். மனிதரில் பெரும்பாலும் மரபணுவில் பழுதில்லை, கலங்களே அழிந்துவிடுகின்றன. உடம்பின் சொந்தக் காவல்படையே அவற்றைச் சுட்டிருக்கலாம் என்பது இன்றைய எண்ணம். இந்த நாட்டில் பிறந்தவனுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கனவு காணும்போது நாம் எழுந்து ஓடாமலிருக்க உடம்பின் தசைகளை மூளை பூட்டி வைக்கும். அந்தப் பூட்டு, கட்டுக்கரைக் குளத்துத் துருசுபோல, நேரம் வந்தால்தான் இயங்க வேண்டும். எனக்குத் துருசுக்காரன் இல்லை. கொஞ்சம் சந்தோசம் வந்தாலே அது தானாக இயங்கி, நான் விழித்திருக்கும்போதே தசைகள் பூட்டிக்கொள்கின்றன.

இரண்டாயிரம் பேருக்கு ஒருவர் அளவில் இருக்கலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். 2012 கணக்கெடுப்பில் எங்கள் மாவட்டத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இருந்தார்கள். கணக்குப்படி ஐம்பது பேர் வர வேண்டும். மற்ற நாற்பத்தொன்பது பேரும் எந்தக் கிளினிக்கில் வலிப்புக் குளிசை குடிக்கிறார்களோ, எந்தக் கல்யாண வீட்டில் குடிகாரப் பெயரோடு கிடக்கிறார்களோ.

இந்த நோய்க்கு 1880இல் பெயர் வைத்தவர் ஜெலினோ என்ற பிரெஞ்சு வைத்தியர். அவரிடம் வந்தவர் ஒரு பீப்பாய் வியாபாரி. வாய்விட்டுச் சிரித்தால் அவருக்குக் கால் மடியும். சீட்டாட்டத்தில் நல்ல கை வந்தால் கை அசையாது, தலை தொங்கிவிடும். இதைக் கேட்டதும், நூற்று முப்பது வருடத்துக்கு முந்திய அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் விளையாடுவோம். அதில் ராசாவுக்கு மூன்றே புள்ளி, ஜாக்குக்கு முப்பது. என் கழுத்து தொங்கினால் ஜாக் என் கையில் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். என்னோடு சோடி சேர ஒருவரும் வரமாட்டார்கள்.

இப்போது காலையில் விழிப்புக்கு ஒரு குளிசை. விழாமலிருக்க, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் குளிசை ஒன்று. எனக்குச் சோர்வில்லை, சந்தோசம்தான் வியாதி என்று பாமசிக்காரருக்கு விளங்கப்படுத்தி அலுத்துவிட்டேன். மத்தியானம் ஒபிசில் இருபது நிமிடத் தூக்கம், டொக்டரின் கடிதத்தோடு.

குளிசை தொடங்கி மூன்றாம் மாதம், மச்சான் வீட்டு முற்றத்தில் சீட்டுப் போட்டார்கள். கையில் இரண்டு ஜாக். கழுத்து அசையவில்லை. ஒருவருக்கும் தெரியவில்லை, வென்றோம். அடுத்த கை வெறும் குப்பை. எனக்கு ஒரு யோசனை வந்தது. தலையை மெல்லத் தொங்கவிட்டேன். தாடையையும் கொஞ்சம்.

"ஐயோ, ஜாக் இவனிட்டை இருக்கு" என்று மச்சான் கேட்காமல் விட்டார். என் சோடிக்காரன் சல்லிசாகக் கேட்டு எடுத்தான். ஆட்டம் முடிந்து, என் கையில் ஒன்றுமே இருக்கவில்லை என்று மச்சானுக்கு விளங்கிய கணத்தில் அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தேன். அதற்குக் குளிசை காணாது. சீட்டு முழுக்க முற்றத்தில், அதன்மேல் நான்.

"நடிக்கிறான்" என்றார் மச்சான்.