சிறார் உலா இலக்கணம்: மண்கும்பான் பாடம்

உலா நூல்களின் ஒழுங்கு தமிழ் படித்தவர்களுக்குத் தெரிந்ததே. தலைவன் வீதியில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவத்து மகளிரும் வாசலுக்கு வந்து அவனைக் கண்டு மயங்குவர். மண்கும்பானில் இது தலைகீழ். ஏழு பருவத்தாரும் ஒரே வான் வண்டிக்குள் ஏறிவிடுகிறார்கள். கண்டு மயங்க வீதியோரத்தில் எஞ்சி நிற்பவை நாலைந்து மாடுகள். அவை மயங்குவதில்லை, வழியும் விடுவதில்லை. பழைய இலக்கணம் பொருந்தாத இடத்தில் புதியது செய்வது புலவர் கடன் ஆதலின் இந்நூல் எழுந்தது.

முதற்பொருள் நிலமும் பொழுதும் ஆகும். நிலமாவது, யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் கடலைக் கடந்து, மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் தாண்டினால் வருவது. குறிகாட்டுவான் போகிற 776ஆம் இலக்க பஸ் இவ்வழியே வேலணை, புங்குடுதீவு என்று ஓடும். ஒல்லாந்தர் இத்தீவுகளை வகைப்படுத்தப் புகுந்தபோது தங்கள் ஊர்ப்பெயர்களையே எடுத்து ஒட்டினார்கள்: வேலணைக்கு லைடன், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், காரைநகருக்கு ஆம்ஸ்ரடாம், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட். இன்று சனத்தின் வாயில் நிலைத்திருப்பது டெல்ஃப்ட் ஒன்றுதான். வகைப்படுத்த வந்தவர்களுக்கு இங்கே கிடைக்கும் மரியாதை அவ்வளவே. இந்நூலாசிரியனும் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

மண்கும்பானின் சிறப்பு மணல். கடற்கரையோரம் கும்பி கும்பியாகக் கிடக்கும் இம்மணல்தான் மாரிமழையை உள்ளே வாங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் நல்ல தண்ணீரை மிதக்கவிட்டுக் காக்கிறது. மணலை இடம்மாற்றுவோர் இருவகையர்: லொறியில் அள்ளுவோர், காற்சட்டைப் பையில் அள்ளுவோர். முன்னவரால் கிணறு உவர்க்கும். பின்னவரால் இரவில் படுக்கை உறுத்தும். முன்னவரைப் பற்றி ஊர் பலமுறை முறையிட்டாயிற்று. பின்னவரைப் பற்றி முறையிட இடமில்லை. முறைகேட்க வேண்டிய அம்மம்மாவே அவர்களின் பக்கம்.

பொழுது ஓகஸ்ட். பள்ளிக்கூட விடுமுறை, நல்லூர்த் திருவிழா, சோளகக் காற்று, வெளிநாட்டுச் சனம் நான்கும் ஒன்றாக வந்து இறங்குகிற மாதம். 1990இல் தீவகம் இராணுவத்தின் கைக்குப் போனபோது வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது ரொறன்ரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் சூட்கேசுடன் வருகிறார்கள். நம் வானில் அத்தகையவன் ஒருவன் உண்டு. வயது எட்டு, அக்கா மகன், நுளம்புக்குப் பூசுகிற கிறீமின் வாசத்தால் பத்தடி தூரத்திலேயே அறியப்படுவான். உள்ளூர்ப் பிள்ளைகள் இருவர்: ஏழு வயது மூத்தவள், நாலு வயதுக் கடைக்குட்டி. மூவரையும் மேய்ப்பது அம்மம்மா. அம்மம்மாவை மேய்ப்பார் எவரும் இலர்.

உலா நால்வகைப்படும்: பேச்சுலா, நேர்த்தியுலா, முற்றவுலா, கடலுலா.

பேச்சுலாவாவது புறப்படாமலே முடிவது. எண்ணிக்கையில் இதுவே பெரிது, செலவில்லாதது, வாந்தியில்லாதது. எங்கள் குடும்பத்தில் நெடுந்தீவு இவ்வகையைச் சேரும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விறாந்தையில் தொடங்கும். குறிகாட்டுவானில் படகு ஏறினால் ஒரு மணித்தியாலம் அளவில் போய்விடலாம் என்பார் மாமா. சாந்தில்லாமல் பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், ஆள் உள்ளே நுழையக்கூடிய பெருக்குமரம், ஒல்லாந்தர் கோட்டை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டாக்காலிக் குதிரைகள் என்று பட்டியல் நீளும். யாராவது குமுதினிப் படகின் பெயரைச் சொல்லிவிட்டால் பெரியவர்களின் கதை ஒருகணம் அறுந்துபோகும். 1985 மே 15 அன்று அந்தப் படகில் போன சனத்தைக் கடலில் வைத்து வெட்டிக் கொன்றார்கள். பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அதை இந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. அம்மம்மா வெற்றிலையை மடிப்பார். மாமா திரும்பவும் குதிரைக்கு வருவார்.

“குதிரையில ஏறலாமோ மாமா?” என்றான் ரொறன்ரோக்காரன்.

“ஏறேலாது ராசா. காட்டுக் குதிரை.”

“தொடலாமோ?”

“கிட்டப் போனா ஓடிடும்.”

“அப்ப என்னத்துக்கு அங்க போறது?” என்று கடைக்குட்டி கேட்டாள். அவ்வாண்டின் நெடுந்தீவுப் பயணம் அத்தோடு முடிந்தது.

நேர்த்தியுலாவாவது தெய்வத்துக்குக் கடன்பட்டதால் போயே தீரவேண்டியது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த ஒரு நடுச்சாமத்தில் அம்மம்மா நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு நேர்ந்துவிடுவார். காய்ச்சல் மறுநாளே போய்விடும். கடன் ஓகஸ்ட் வரை நிற்கும். இவ்வுலாவில் தூரத்துக்குத் தனி அளவை உண்டு. கிலோமீற்றர், மைல், கட்டை எதுவும் செல்லாது. அளவை ஒன்றே: “இந்தா வந்திட்டுது.” வேலணையில் ஒரு ‘இந்தா வந்திட்டுது’. புங்குடுதீவுக்குப் போகிற பாலத்தில், இருபுறமும் கடல் தெரிவதால், கொஞ்சம் நம்பிக்கையோடு இரண்டாவது. குறிகாட்டுவானில் இறங்குதுறையைக் கண்ட பிறகும் சொல்லப்படும் மூன்றாவதை அதற்குள் எந்தப் பிள்ளையும் நம்புவதில்லை.

படகில் ஏற்றும்போது பிள்ளை கைமாறும். துறையில் நிற்கிற தகப்பன் கடைக்குட்டியின் கமக்கட்டில் கைகொடுத்துத் தூக்க, படகில் நிற்கிற முன்பின் தெரியாத ஒருவர் வாங்கி, அடுத்தவரிடம் கொடுக்க, மூன்றாமவர் இருக்கையில் வைத்து உயிர்காப்பு அங்கியை மாட்டிவிடுவார். அங்கி பெரிதாகையால் பிள்ளையின் கண் மட்டும் மேலே தெரியும். கடல் நடுவே கருடன் கல்லும் பாம்பு சுற்றிய கல்லும் காட்டப்படும். அம்மனுக்குப் பூக்கொண்டு நீந்திப்போன நாகத்தைக் கருடன் மறித்த கதை அங்கேதான் சொல்லப்பட வேண்டும். எஞ்சின் சத்தத்தில் பாதி கேட்காது. கேளாத பாதியைப் பிள்ளைகள் தாங்களே இட்டு நிரப்பிக்கொள்வதால் ஆண்டுதோறும் பாடபேதம் பெருகுகிறது. இவ்வாண்டுப் பாடத்தில் வென்றது நாகம்.

நயினாதீவே மணிமேகலை சொல்கிற மணிபல்லவம் என்று கொள்வார் உளர். அங்கேதான் மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்தது என்றும், எடுக்க எடுக்கச் சோறு குறையாத பாத்திரம் அது என்றும் மூத்தவளுக்கு நான் விளக்கினேன்.

“ஐஸ்கிறீமும் வருமோ?”

என்னிடம் விடையில்லை. “கேட்டதெல்லாம் வராது பிள்ளை, பசிக்கு வேண்டியதுதான் வரும்” என்றார் அம்மம்மா. பிறகு அந்தப் பாத்திரத்தின் பெயரையே தாங்கி நிற்கிற அன்னதான மண்டபத்தில் நிலத்தில் சம்மணமிட்டு இருந்தோம். வீட்டில் கத்தரிக்காயைக் கண்டால் பல்லை இறுக்குகிற கடைக்குட்டி, அங்கே அதே கத்தரிக்காயை இரண்டாந்தரம் கேட்டு வாங்கினாள். இதற்குக் காரணம் காட்ட எத்தனை தாய்மார் முயன்றார்களோ அத்தனை கொள்கைகள் உள்ளன. பக்கத்து இலைப்பிள்ளை சாப்பிட்டது கண்ட பொறாமை என்பதே என் துணிபு.

முற்றவுலா எல்லை கடவாதது, படலையோடு நிற்கும். இதற்கு முகூர்த்தம் வைகறை. பின்வளவில் பனம்பழம் பொத்தென்று விழும் சத்தத்துக்கு, பள்ளிக்கூட நாட்களில் மூன்றுதரம் எழுப்பியும் எழும்பாதவர்கள் வெறுங்காலோடு ஓடுவார்கள். முதலில் தொட்டவருக்கே பழம் என்பது சட்டம். தணலில் சுட்டு, தோலை உரித்து, தும்போடு சூப்பவேண்டும். மூத்தவளுக்குப் பல்லிடுக்கில் தும்பு, நாடி வழியே களி, முழங்கை வரை மஞ்சள். ரொறன்ரோக்காரன் முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு தூர நின்றான். இரண்டாம் நாள் ஒரு விரலால் தொட்டு நக்கினான். மூன்றாம் நாள் அவன்தான் முதலில் ஓடினான். அவனுடைய வெள்ளை ரீசேட்டில் விழுந்த கறை ரொறன்ரோவின் எந்தச் சலவைத் தூளுக்கும் அசையாது என்று அம்மம்மா பெருமையோடு அறிவித்தார். மிஞ்சிய களி பணியாரமாகும். அதன் இலக்கணம் தனிநூலாக விரியும் ஆதலின் இங்கே விடுத்தாம்.

இனிக் கடலுலா. கடலுக்குப் போவதென்றால் சாட்டிக் கடற்கரை. ஆராய்ந்து பார்த்தால் மற்ற மூன்று வகையும் இதில் வந்தே அடங்குகின்றன. பேச்சுலா கலைந்தால் ஆறுதலுக்குச் சாட்டி. நேர்த்தியுலா முடிந்தால் திரும்பும் வழியில் சாட்டி. முற்றத்தில் ஆக்கினை தாங்காவிட்டால் சாட்டி. ‘சாட்டியே முடிபு என்மனார் அம்மம்மா’ என்று சூத்திரம் செய்துகொள்க. கோட்டை, குதிரை, பெருக்குமரம் என்று பெரியவர்கள் கூட்டுகிற பட்டியலைப் பிள்ளைகள் ஒருபோதும் எதிர்ப்பதில்லை. அழுது, சத்தி எடுத்து, ‘ஒண்டுக்கு’ என்று வானை நிறுத்தி, கடைசியில் மணலும் தண்ணீரும் உள்ள இடத்தில் எல்லாரையும் இறக்கிவிடுகிறார்கள். வானை ஓட்டுவது சாரதி என்பது பொதுவிதி. கடைக்குட்டி என்பது சிறப்புவிதி.

சாட்டிக் கடல் பிள்ளைகளுக்கென்றே ஆழம் குறைத்தது போன்றது. கனதூரம் நடந்தாலும் தண்ணீர் பெரியவர்களின் இடுப்பைத் தாண்டாது. கரையில் அடம்பன் கொடி படர்ந்திருக்கும். இராவணன் மீசையின் காய்ந்த தலைகள், முள்ளுப் பந்துகளாக, சோளகத்தில் உருண்டு ஓடும். அதைத் துரத்துவதே இங்குள்ள விளையாட்டுகளில் முதன்மையானது. பிடிக்கப் போனால் நின்று, கை கிட்ட வந்ததும் மறுபடி உருளும். பிடித்தவன் கையில் குத்தும். விட்டால் போய்விட்டதே என்று அழவேண்டும். சிற்றில் கட்டலும் சிதைத்தலும் பிள்ளைத்தமிழில் உள்ளபடியே நடந்தன. ஒரே திருத்தம்: கட்டியவன் எட்டு வயது ஆண்பிள்ளை, மிதித்தவள் நாலு வயதுப் பெண்பிள்ளை.

அழுகைக்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களம் வகுத்தார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. நான்கையும் ஒரே பின்னேரத்தில் சாட்டியில் காணலாம். ரொறன்ரோக்காரன் கடைக்குட்டியைப் ‘பேபி’ என்றது இளிவு. ஐஸ்கிறீம் கோனிலிருந்து உருண்டை மட்டும் மணலில் விழுந்தது இழவு. கோன் கையிலேயே இருந்ததால் துயர் குறைந்ததென்று கருதற்க. வெறுங்கோனைப் பார்க்கப் பார்க்கப் பெருகிற்று. வரும்போது முன்சீற்றில் இருந்தவன் போகும்போது பின்சீற்றுக்குத் தள்ளப்பட்டது அசைவு, அஃதாவது முன்னை நிலை கெடுதல். பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளையிடம் காற்றூதிய முதலை இருக்க, தன்னிடம் இல்லாதது வறுமை. ஐந்தாவதொன்றை அவர் சொல்லாது விட்டார். அது நித்திரை அழுகை. இதற்கு நிலைக்களம் இல்லை. “ஏன் அழுறாய்?” என்று கேட்டால் “தெரியாது” என்று வரும், கேட்டதற்காக இன்னும் கூடும். உரையாசிரியர்களும் இதைத் தொடவில்லை. அவர்களில் எவரும் நாலு வயதுப் பிள்ளையோடு மாலை ஆறு மணிக்குக் கடற்கரையிலிருந்து வீடு திரும்பியதில்லை என்று இதனால் அறியப்படும்.

ஆனால் ஒன்றில் தொல்காப்பியரை மெச்சவேண்டும். நெய்தலுக்கு நிலம் கடற்கரை, பொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல் என்று முன்பே வகுத்துவிட்டார். இதன் பொருள், பிரிந்த தலைவனை நினைந்து தலைவி இரங்குவது என்பர். இருக்கலாம். சூரியன் சாயும் நேரத்தில் மூன்று பிள்ளைகளைத் தண்ணீருக்குள்ளிருந்து வெளியே எடுக்கப் பார்த்த எவரும் அச்சூத்திரத்துக்கு வேறு உரை தேடமாட்டார்கள். அங்கே அன்று கேட்டது இரங்கலே, குரலும் உச்சம்.

இரங்கலை ஆற்றும் முறை அம்புலிப் பருவத்தில் உள்ளது. நிலாவைப் பிள்ளையோடு விளையாட வா என்று அழைக்கப் புலவர்கள் சாம, தான, பேத, தண்டம் என்ற நான்கையும் பயன்படுத்தினார்கள். கடைக்குட்டியின் தாயான என் தங்கச்சியும் அதே ஒழுங்கில் போனாள். “குஞ்செல்லே, ராசாத்தியெல்லே, வாங்கோ.” பிறகு, “வந்தா ரொபி தருவன்.” பிறகு, “அண்ணாவைப் பார், எவ்வளவு நல்ல பிள்ளை.” கடைசியில், “நில் வாறன், அப்பாட்டைச் சொல்லுறன்.” நிலா ஒருபோதும் இறங்கி வந்ததில்லை என்பதைப் புலவர்கள் எங்கும் எழுதிவைக்கவில்லை. அம்மம்மா கரையிலிருந்து ஒரு சொல் சொன்னார்: “புட்டு ஆறுது.” மூவரும் வெளியே வந்தார்கள். இவ்வுபாயம் எந்தப் பிள்ளைத்தமிழிலும் இல்லை.

ஒழிபியல். மேற்சொன்ன எதிலும் அடங்காதவை ஈண்டுச் சொல்லப்படும். வானில் மிஞ்சிய செருப்பு ஒன்று; எங்கள் வீட்டில் எவர் காலுக்கும் பொருந்தாதது. தலைமயிரில் மணல், மூன்று முழுக்குக்கு உரியது. மூத்தவளின் தண்ணிப் போத்தலில் சிறு நண்டு ஒன்று, மறுநாள் காலை அம்மம்மா அதில் வாய்வைக்கப் போனபோது கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது அது கிணத்தடி வாளியில், கொஞ்ச மணலோடும் உப்புக் கரைத்த தண்ணீரோடும் இருக்கிறது. கறிக்குக் காணாது என்று மாமா சொல்லிவிட்டார். அதைக் கடலில் விடுவதாக அம்மனுக்கு நேர்ந்துவிட்டேன் என்கிறாள் மூத்தவள். நேர்த்தியென்றால் நயினாதீவுக்குப் போகவேண்டும், நண்டென்றால் சாட்டிக்குப் போகவேண்டும்; இது எவ்வகை உலா என்று விறாந்தையில் இன்னும் வழக்கு நடக்கிறது. வான்காரர் ஞாயிறு ஒன்பது மணிக்கு வருகிறேன் என்றிருக்கிறார். எங்கே போவதென்று அவர் கேட்கவுமில்லை.