கேள்வி நேரம்: அரக்கு மலைக் காபி

‘அரக்குக் காபி’ என்கிறார்களே, காபியில் அரக்கு எங்கே வந்தது?
(வாசகர், திருத்துறைப்பூண்டி)

முத்திரை வைக்கிற அரக்குக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அரக்கு என்பது ஆந்திராவில், விசாகப்பட்டினத்துக்கு மேலே கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் பள்ளத்தாக்கு. கடல் மட்டத்திலிருந்து 900 முதல் 1,100 மீட்டர் உயரத்தில் பழங்குடிக் குடும்பங்கள் சின்னச் சின்னத் துண்டு நிலங்களில் அரபிகா வளர்க்கின்றன. 2019-இல் ‘அரக்கு பள்ளத்தாக்கு அரபிகா’ புவிசார் குறியீடு பெற்றது.

சிங்கிள் ஆரிஜின் காபி என்றால் என்ன? நம் கடைக் காபிக்கு ஊர் கிடையாதா?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

ஊர் உண்டு, ஆனால் ஒன்றல்ல. பீபெரி பாதி, ரொபஸ்டா கால், மீதி சிக்கரி என்று அரைத்து வாங்குகிறோம். அதில் எந்தக் கொட்டை எந்த மலையில் காய்த்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். வருஷம் முழுக்க ஒரே ருசி வேண்டுமென்றால் கலந்துதான் ஆக வேண்டும். சிங்கிள் ஆரிஜின் என்பது ஒரே வட்டாரத்துக் கொட்டை. அந்த வருஷத்து மழை எப்படியோ, அப்படித்தான் டம்ளரிலும் இருக்கும்.

கூட்டுறவுச் சங்கம் என்றாலே எங்களுக்குத் தேர்தலும் தகராறும்தான் நினைவுக்கு வருகின்றன. காபிக்கு மட்டும் அது என்ன செய்துவிடும்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவண்ணாமலை)

விலையையும் மாற்றும், ருசியையும் மாற்றும். எப்படி என்று சொல்கிறேன்.

காபிப் பழத்தைப் பறித்த அன்றே தோலுரித்தாக வேண்டும். மூட்டையில் கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும். தோலுரிக்க பல்ப்பர் எந்திரம் வேண்டும், ஊறவைக்கத் தொட்டி வேண்டும், அலச நல்ல தண்ணீர் வேண்டும், ஈரப்பதம் 11, 12 சதவீதத்துக்கு இறங்கும்வரை உலர்த்தக் களம் வேண்டும். ஒரு ஏக்கர்க்காரரிடம் இதில் எது இருக்கும்? அதனால் வாசலுக்கு முதலில் வருகிற வியாபாரிக்கே விற்கிறார். மழைக்காலத்தில் முன்பணம் கொடுத்தவரும் பல சமயம் அதே வியாபாரிதான். அப்புறம் எங்கே பேரம் பேசுவது?

இதில் இன்னொரு கேடும் உண்டு. பச்சைக்காய்க்கும் செம்பழத்துக்கும் வியாபாரி ஒரே விலை கொடுத்தால், யார்தான் பழுக்கக் காத்திருப்பார்கள்? கிளையை ஒரே உருவாக உருவிவிடுவார்கள். காபி கெடுவது அந்த இடத்தில்தான், நம் அடுப்பில் அல்ல.

பொதுவில் ஒரு பல்ப்பிங் கூடம் வைத்து, செம்பழத்துக்கு மட்டும் நல்ல விலை என்று சங்கம் சொன்னதும் கணக்கு மாறிவிடுகிறது. ஒரே செடிக்கு மூன்று, நான்கு முறை போய்ப் பழுத்ததை மட்டும் பறிப்பது இப்போது லாபம். அரக்கில் நாந்தி அறக்கட்டளையின் துணையோடு சிறு, குறு பழங்குடி விவசாயிகளின் சங்கம் 2007-இல் பதிவானது. ஆந்திராவின் 1995-ஆம் ஆண்டு பரஸ்பர உதவிக் கூட்டுறவுச் சட்டத்தில், அரசின் பங்குத்தொகை இல்லாமல், உறுப்பினர்களே உடைமையாளர்களாக இருக்கிற வகைச் சங்கம் அது. பாரிஸில் 2017-இல் ‘அரக்கு’ என்ற பெயரிலேயே காபிக்கடை திறந்தார்கள். ஐயா, கூட்டுறவில் தகராறு வரத்தான் செய்யும். தகராறு செய்ய உறுப்பினருக்கு உரிமை இருப்பதே, வியாபாரியின் தராசுக்கு முன்னால் வாய்மூடி நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

கிரிஜன் கூட்டுறவுக் கழகமும் அரக்கு விவசாயிகளின் சங்கமும் ஒன்றா?
(வாசகர், ஓசூர்)

இல்லை. அது 1956-இல் தொடங்கிய ஆந்திர அரசு நிறுவனம். அதுவும் காபி வாங்குகிறது. வாங்க இரண்டு பேர் இருந்தால் விற்பவருக்கு நல்லதுதான்.

காட்டை அழித்துத்தானே காபி போடுகிறார்கள்?
(வாசகி, கூடலூர்)

பல நாடுகளில் நடந்தது, நடக்கிறது. உங்கள் கோபம் நியாயம். ஆனால் அரக்கில் முன்பு காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் ‘போடு’ வேளாண்மை இருந்தது. அதற்கு மாற்றாகவும்தான் அங்கே காபி பரவியது. செடிக்கு நிழல் வேண்டும் என்பதால் மரம் தப்புகிறது. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம் என்பது எனக்குக் குறைதான். அதன்மேல் மிளகுக்கொடி ஏறி இரண்டாவது வருமானம் தருவதையும் சொல்லியாக வேண்டும். பலாவும் நாட்டு மரங்களும் கூடவே நின்றால் இன்னும் நல்லது.

அரக்குக் காபிக்கு விலை ஏன் இவ்வளவு?
(இல்லத்தரசி, ஈரோடு)

ஏறக்குறைய 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ பச்சைக்கொட்டை. வறுத்தால் அதிலும் 150 கிராமுக்கு மேல் ஆவியாகப் போய்விடும். கலவைத் தூளின் விலையோடு இதை ஒப்பிடுகிறீர்களா? சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதம் இருந்தாலே சட்டம் ஏற்கும். ஆக, அந்தக் கலவையின் விலையில் பாதிவரை நீங்கள் சிக்கரிக்கும் கொடுத்திருக்கலாம். பொட்டலத்தில் விகிதம் அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள்.

நம் பித்தளை ஃபில்டருக்கு அரக்குக் காபி ஒத்துவருமா?
(வாசகர், கும்பகோணம்)

தாராளமாக. டிகாக்‌ஷன் மட்டும் நீங்கள் பழகிய கறுப்பில் இறங்காது, ஏனென்றால் அந்தக் கறுப்பில் பெரும்பங்கு சிக்கரியுடையது. தூளை ஒரு கரண்டி கூடப் போடுங்கள், பாலைக் குறையுங்கள். முதல் வாய் மட்டும் சர்க்கரை இல்லாமல் குடித்துப் பாருங்கள்.

‘பிளாண்டேஷன் ஏ’ என்றால் பெரிய எஸ்டேட் காபிதானே?
(வாசகர், மதுரை)

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறோம். நம் நாட்டில் அலசிப் பதப்படுத்திய அரபிகாவுக்கே ‘பிளாண்டேஷன்’ என்று பெயர். ‘ஏ’ என்பது கொட்டையின் அளவு. அரை ஏக்கர்க்காரர் விளைவித்தாலும் தரப் பட்டியலில் தோட்ட முதலாளியின் பெயர்தான் ஏறுகிறது. இந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்பது என் கட்சி.

அரக்கு, அரக்கு என்கிறீர்கள். நம் மலைகளில் காபி இல்லையா?
(விவசாயி, தாண்டிக்குடி)

உங்களுக்குத் தெரியாததா! ஏற்காட்டிலும் நீலகிரியிலும் பழனி மலையிலும் இருக்கிறது. காபிச் செடிக்கு ஊடே விருப்பாச்சி மலைவாழை நிற்கும் அழகு உங்கள் பக்கத்தில் உண்டு. அந்த வாழைக்கே புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதே நிழலில் விளைகிற காபியோ ஊர்ப் பெயர் இல்லாமல் மூட்டையோடு மூட்டையாகக் கலந்து போகிறது. பக்கத்து நிலத்துக்காரர்களோடு சேர்ந்து ஒரு பல்ப்பிங் கூடத்துக்கு வழி பாருங்கள். நகரத்து வாசகர்களே, நீங்கள் அடுத்த முறை தூள் வாங்கும்போது எந்த மலை, எந்த வருஷத்து அறுவடை என்று கடையில் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குக் கடைக்காரர் பதில் வைத்திருப்பார்.