அணைக்க வேண்டியது எதை?

கேள்வி: அடிதடிப் படங்களைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் குண்டர் கும்பலில் சேருகிறார்களா?
— ஒரு தாய், புக்கிட் பெலிம்பிங், கோலசிலாங்கூர்

பதில்: அந்தப் பயத்தில்தான் 2016-இல் குண்டர் கதையான ‘கபாலி’ படம் மலேசியாவில் திரைக்கு வந்தபோது, நாயகன் போலீசில் சரணடைந்ததாகக் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்கள். ஒரு வரியால் கும்பல் கலையாது, அம்மா.

திரைக்குப் பங்கே இல்லையா? உண்டு. திரையில் ஆடும் வன்முறை வீடியோ விளையாட்டுக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறு தொடர்பு இருப்பதாக அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் சொன்னது. ஆனால், கொடிய வன்செயலுக்கு அதுவே காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றும் சொன்னது.

பின் எதுதான் பிள்ளையைக் கும்பலுக்கு இழுக்கிறது? சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) படத்தைப் பாருங்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம். பன்னிரண்டு வயது அப்போய் துடிப்பானவன். அப்பாவிடம் அடி, பள்ளியில் திட்டு. கும்பலில் இருக்கும் சித்தப்பாதான் அவன் கண்ணுக்குப் பெரிய மனிதர். பாராட்டுக்கு ஏங்கும் பிள்ளை, அது கிடைக்கும் பக்கம்தான் சாய்வான்.

இன்றிரவு மகன் படம் பார்க்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். “வெட்டுப்பட்டவன் வீட்டில் இப்போது யார் அழுவார்கள்?” என்று கேளுங்கள். அவன் பதிலைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

திரையை அணைக்க ஒரு விரல் போதும். பிள்ளையை அணைக்க இரண்டு கைகளும் வேண்டும்.