புலி வருஷத்துப் பிள்ளை

எங்கள் மலையூரான பிரிஞ்சாங்கின் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ஸ்டிராபெரி விற்பவருக்கு என்னைப் பார்த்தாலே உற்சாகம். "லெங் சாய்!" என்பார். கன்டோனீஸில் அழகான பையன் என்று அர்த்தம். எனக்கு வயது 49. ஆனாலும் மறுப்பதில்லை. அதோடு விட்டால் பரவாயில்லை; விலை, மழை, மண்சரிவு என்று கன்டோனீஸிலேயே கொட்டுவார். "பெராப்பா, தவுக்கே?" என்று நான் மலாயில் விலை கேட்டு இழுத்ததும் முகம் வாடிவிடும். ஸ்டிராபெரிப் படம் போட்ட டப்பாவைத் திறந்தால் உள்ளே தக்காளி இருந்தது போல.

முகம் அம்மாவுடையது. அம்மா பிறந்தது 1950இல். சீனர் கணக்கில் புலி வருஷம். புலி வருஷத்துப் பெண் குழந்தை வீட்டுக்கு ஆகாது என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை. அதோடு வறுமை, அவசரகாலம் வேறு. காட்டோரம் குடியிருந்த சீனர்களை வெள்ளைக்காரன் கம்பிவேலிக்குள் புதுக்கிராமங்களில் அடைத்துக்கொண்டிருந்த நேரம். இப்படித் தத்துக்கொடுக்கப்பட்ட சீனப் பெண் குழந்தைகள் மலாயாத் தமிழ் வீடுகள் பலவற்றில் வளர்ந்தார்கள். அம்மாவை எங்கள் பாட்டி வீட்டுக்கு ஒரு காய்கறித் தோட்டக்காரர் தூக்கிவந்தாராம். "புலி வருஷமாம், யோசிச்சுக்க" என்று தோட்ட லயத்தில் யாரோ தடுத்திருக்கிறார்கள். "நம்ம அம்மனே புலி மேலதானே உக்காந்திருக்கா?" என்று பாட்டி கையை நீட்டிவிட்டாள்.

அம்மாவுக்குத் தெரிந்த ஒரே சீன வார்த்தை அங்பாவ், பணம் வைத்துத் தரும் சிவப்பு உறை. அதுவும் வாங்குவதற்கு மட்டும். தைப்பூசத்தில் அவள் பால்குடம் எடுத்தால் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் முருகனை விட்டுவிட்டு அம்மாவைப் படமெடுப்பார்கள். அம்மா திட்டும் தமிழை இங்கே எழுத முடியாது. அவ்வளவு சுத்தமான தமிழ்.

பாரங்களில் இனம் என்றொரு கட்டம் உண்டு. அப்பா தமிழர் என்பதால் நான் 'இந்தியர்'. கவுண்டரில் இருப்பவர் அடையாளக் கார்டையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கையில் அவர் தலை கோயில் மணியின் நாக்கு மாதிரி ஆடும். எங்களுக்குச் 'சிண்டியன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ இரண்டு வீட்டுக்கு நடுவே சிண்டு முடிந்துவிட்டவன் போலக் கேட்கிறது.

மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் சித்தப்பா சுங்கை பாலாஸ் வழியில் ஒரு ஒட்டுக்கடைக்கு அழைத்துப்போனார். 1929இல் ரஸ்ஸல் துரை 'போ' தேயிலைத் தோட்டம் போட்ட நாளிலிருந்து நம் வம்சம் இந்த மலையில் என்பது அவர் பெருமை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "டேய், ஜாதகத்தோட அண்ணி போட்டோவ அனுப்பாத. கலப்புன்னா யோசிப்பாங்க."

எதிரே மலை முழுக்கத் தேயிலை.

"சித்தப்பா, அந்தச் செடியோட முழுப்பேரு கமேலியா சினென்சிஸ் அசாமிகா. சினென்சிஸ்னா சீனா. அசாமிகான்னா நம்ம அஸ்ஸாம்."

"அது துரைமார் வெச்ச பேரு."

"சரி, நாம வெச்ச பேரு? 'தே' ஹொக்கியன் சீனம். இலை மட்டும்தான் தமிழ்."

30 வருஷம் தேயிலையோடு வாழ்ந்த மனிதர். கையிலிருந்த கிளாஸை ஏதோ விழுந்துகிடப்பது போல உற்றுப் பார்த்துத் தள்ளிவைத்தார்.

"உன் கலப்பே வேணாம்டா. பாலுகூட வேணாம்" என்று கடைக்காரர் பக்கம் திரும்பினார். "தம்பி, எனக்கு ஒரு தே ஓ!"

'ஓ' என்றால் ஹொக்கியனில் கறுப்பு. நான் சொல்லவில்லை. பெரியவர், நிம்மதியாகக் குடிக்கட்டும்.