வெள்ளை மேடையில் ஆரத்தி

லெஸ்டர், இங்கிலாந்து

அன்புள்ள அக்காவுக்கு,

போட்டோவில் எங்கள் சமையல் மேடையைப் பார்த்துவிட்டு, "பளிங்கா? கொடுத்து வைத்தவள்டீ" என்று எழுதியிருந்தாய். பளிங்கு இல்லை அக்கா, குவார்ட்ஸ். அதுவும் மலையில் வெட்டிய பாளம் இல்லை. கல்லைப் பொடித்து, நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு பிளாஸ்டிக் பிசின் சேர்த்து, அழுத்திச் சூடாக்கிச் செய்த பலகை. கல்லில் கறை ஏறாது. அந்தப் பிசினில்தான் ஒட்டிக்கொள்கிறது.

நம் வீட்டுக் கடப்பாக்கல் மேடையில் எத்தனை வருஷச் சாம்பார் சிந்தியிருக்கும்! அது யாரிடமாவது காட்டிக்கொடுத்ததா? இது ஒரு சொட்டு விழுந்தாலே சாட்சி சொல்கிறது. சாவி கொடுத்த அன்றே வாடகை ஏஜென்ட் மேடையை அங்குலம் அங்குலமாகப் போட்டோ எடுத்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். எங்களைப் போன்றவர்களிடம் ஐந்து வார வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்று 2019-லிருந்து இங்கே சட்டம். சென்னையில் பத்து மாசம் கேட்பார்களே, அதற்கு இது தேவலை. ஆனால் கறை என்றால் அதில்தான் கை வைப்பார்கள்.

போன சனிக்கிழமை என் வீட்டுக்காரர் மீனுக்கு மசாலா பிசைந்து, தட்டை மேடையில் வைத்துவிட்டு கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டார். எடுத்தால், அடியில் மஞ்சள் வட்டம். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாள், "பேக்கிங் சோடாவைக் குழைத்துப் பூசுங்கள், எதுவானாலும் போய்விடும்" என்றார். அவர்கள் வீட்டு டீக்கறைக்கு அது சரி. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் என்ன ஆகும் என்று உனக்கா சொல்ல வேண்டும்? சோடாவும் காரம்தானே. வட்டம் சிவந்துவிட்டது. அந்த அம்மாள் மிரண்டு நிற்க, இவர் நிதானமாக, "கற்பூரம் இருக்கா?" என்கிறார்.

கடைசியில் வழிக்குக் கொண்டுவந்தது மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்தான். மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். பஞ்சில் நனைத்துச் சற்று நேரம் போட்டு வைத்தால் பஞ்சு மஞ்சளாகிறது. பிறகு சோப்புத் தண்ணீரில் துடைத்துவிடலாம். பச்சை நாரால் தேய்த்தால் பளபளப்பு போகும், ப்ளீச்சில் ஊறவைத்தால் பிசினே வெளிறும். லேசாக மிஞ்சியிருக்கும் நிழலை வெயில் பார்த்துக்கொள்ளும், கொடியில் காயும் வேட்டியில் மஞ்சள் வெளுக்குமே, அது மாதிரி. ஆனால் இந்த ஊரில் வெயிலுக்கு நான் எங்கே போக?

கொதிக்கும் வாணலியை அப்படியே இறக்கினால் பிசின் கருகும். அந்த வடுவுக்கு மருந்தே கிடையாது. அம்மாவின் பழைய பிரிமணைகள் பரணில் இருந்தால் பார்சலில் போடு.

ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலையிலிருந்து இந்தப் பலகைக்கே தடை. கறைக்காக இல்லை, அறுக்கும் தொழிலாளிகளின் நுரையீரலில் அந்தத் தூசி போய் சிலிகோசிஸ் வருகிறது. அதைத் தெரிந்துகொண்டதிலிருந்து இதன் பளபளப்பை ரசிக்க மனசு வரவில்லை.

அடுத்த வாரம் ஏஜென்ட் வீட்டைப் பார்க்க வருகிறார். அவர் வந்து போகும்வரை எங்கள் வீட்டில் தயிர்சாதம்தான். மாங்காய் ஊறுகாய் பாட்டிலை இவர் காரில் வைத்துப் பூட்டியிருக்கிறார்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தங்கை