கணக்குப் படித்த பெண்ணுக்கு ஒரு போன்

காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ‘உயர்கல்வி வழிகாட்டி முகாம்’ என்று பந்தல் போட்டிருந்தார்கள். வழிகாட்ட வந்தவர் ஒரு பொறியியல் கல்லூரியின் அட்மிஷன் ஆள். ஆட்டுக்குட்டிக்கு எதிர்காலம் சொல்லக் கசாப்புக்கடைக்காரரைக் கூப்பிட்ட மாதிரி. ஆளுக்கொரு பேனா, ஒரு பை, ஒரு படிவம். படிவத்தில் முதல் கேள்வி, அப்பாவின் செல் நம்பர். உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்க அதில் இடமில்லை. பாவம், தாள் சின்னது.

அவர் கணக்கில் பூமியில் மொத்தம் இரண்டே தொழில். நீட் தேறினால் டாக்டர். தேறாவிட்டால் கம்ப்யூட்டர் சயின்ஸ். ஒரு பெண் எழுந்தாள்.

“சார், மேத்ஸ் மட்டும் படிச்சா என்ன ஆகலாம்?”

“டீச்சர் ஆகலாம்மா.”

“ஃபிசிக்ஸ்?”

“அதுக்கும் டீச்சர்தாம்மா.”

பந்தல் சிரித்தது. ஓரமாக நின்ற இரண்டு டீச்சர்களும் சேர்ந்து சிரித்தார்கள். பெண் கெமிஸ்ட்ரியைக் கேட்காமலே உட்கார்ந்துவிட்டாள்.

கேட்டிருக்கலாம். பஸ் ஏறினால் சிக்ரி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வகம். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, பேட்டரி எப்படிக் கூடுதலாக உழைக்கும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள அங்கே ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது பஸ் ஸ்டாப்பின் பெயர். கொடைக்கானலுக்கு டூர் போகாத பள்ளி உண்டா? போட் ஹவுஸ், தூண் பாறை, சாக்லேட். அதே மலையில் ஒரு சூரிய ஆய்வகத்தில் 1901-லிருந்து சூரியனைப் பார்த்துக் குறிப்பெழுதுகிறார்கள். டூர் பஸ் நிறுத்த அங்கே இடமில்லையோ என்னவோ.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு ஐ.ஐ.டி.யும் கிடைக்கவில்லை, வேலூர் மெடிக்கலும் கிடைக்கவில்லை. பரோடாவில் இயற்பியல் படித்தார். 2009-ல் வேதியியலுக்கு நோபல் வாங்கினார். இந்தப் பந்தலில் சிக்கியிருந்தால், “மேனேஜ்மெண்ட் கோட்டா இருக்கு தம்பி, அப்பா நம்பரைக் கொடு” என்று காப்பாற்றியிருப்பார்கள்.

பள்ளிக்குள் மட்டும் என்ன வாழ்கிறதாம்? பியூரெட் அலமாரியை விட்டு இறங்குவதே பிராக்டிகலுக்கு முந்தின வாரம்தான். எந்த உப்பு என்று லேப் அசிஸ்டெண்ட் விரலால் காட்டிவிடுவார். 20-க்கு 20. வேதியியலைத் தொடாமலே வேதியியலில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளையிடம், உனக்கு ஆர்வம் எதில் என்று கேட்க எந்த முகத்தோடு வருகிறீர்கள்?

முகாமால் பள்ளிக்கும் லாபம் இல்லாமல் இல்லை. வராந்தாவில் புதுசாக ஒரு ஆர்.ஓ. மெஷின், நெற்றியில் கல்லூரிப் பெயரோடு. ஒரு வகுப்புப் பிள்ளைகளின் நம்பர்களைத் தண்ணீர் மெஷினுக்கு விற்றுவிட்டு, அதற்கு வழிகாட்டல் என்று பெயர் வைக்க நாக்கு கூசவில்லை.

அன்று சாயங்காலமே அந்தப் பெண்ணின் அப்பாவுக்குப் போன் வந்தது.

“பாப்பாவுக்குக் கணக்குல ரொம்ப ஆர்வமாமே சார்? டேட்டா சயின்ஸ்ல ரெண்டு சீட்டுதான் மிச்சம். அட்வான்ஸை இன்னைக்கே போட்டுடுங்க.”