தேனீக் கொட்டும் கைவைத்தியத் தத்துவமும்: வத்தல்மலையை முன்வைத்து ஓர் ஆய்வு

தேனீக் கொட்டு என்பது, வேலைக்காரத் தேனீ தன் உயிரையே விலையாகக் கொடுத்து மனிதனுக்கு வழங்கும் சிறுகொடை என வரையறுக்கப்படும். அதற்கு மருந்து சொல்லுதல் என்பது, கொட்டுப்படாதோர் அனைவரும் தமக்கு யாதொரு செலவுமின்றிக் கொட்டுப்பட்டவனுக்கு வழங்கும் பெருங்கொடையாகும். முன்னது பூச்சியியலுக்கு உரியது. பின்னது சமூகவியலுக்கு உரியதாயினும் இதுவரை உரிய கவனம் பெறவில்லை.

தருமபுரி மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையில், இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பால், காப்பியும் மிளகும் சாமையும் விளையும் வத்தல்மலை இவ்வாய்வுக்குக் களமாகக் கொள்ளப்படுகிறது. காப்பி பூக்குங்காலத்தில் தேனீயும் மனிதனும் ஒரே செடியை நாடுவதாலும், பெரிய மருத்துவமனை மலைக்குக் கீழேயும் மருந்து சொல்வோர் மலைமேலேயும் இருப்பதாலும் இத்தேர்வு பொருத்தமுடையது. தமிழக மலைகளில் காணப்படும் மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ ஆகிய நால்வகையுள் இறுதியாகக் கூறப்பட்டது கொட்டும் ஆற்றல் அற்றது. ஆகவே அது பண்புடையதாயினும் ஆய்வுக்குப் பயன்படாது.

தமிழகத்தில் காணப்படும் கைவைத்தியர்களைச் சுண்ணாம்பர், வெங்காயர், இரும்பர் என மூன்று பிரிவினராகப் பகுக்கலாம்.

சுண்ணாம்பர், தேனீயின் நஞ்சு அமிலம், சுண்ணாம்போ காரம், ஆதலின் ஒன்றை ஒன்று முறிக்கும் என வாதிடுவர். வாதம் அழகியது. எனினும், நஞ்சின் உலர் எடையில் ஏறத்தாழப் பாதியாக அமைந்து உயிரணுக்களின் சவ்வைத் துளைக்கும் மெலிட்டின் என்னும் புரதப்பொருள் தோலுக்கு உள்ளே இருக்க, சுண்ணாம்பு தோலுக்கு வெளியே இருப்பதால், இரண்டும் சந்தித்துக்கொள்ளும் வாய்ப்பு அரிது. மாறாக, மிகுதியாகப் பூசப்பட்ட சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கிக் கொட்டின் நினைவை நீட்டிக்கவல்லது.

வெங்காயர், சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்ப்பவர். கொட்டுப்பட்டவன் சிந்தும் கண்ணீருக்குத் தேனீ காரணமா வெங்காயம் காரணமா எனப் பிரித்தறிய இயலாமையே இம்முறையின் பெருங்குறை. இரும்பர், கத்தி, சாவி முதலியவற்றைக் கொட்டுவாயில் வைத்துத் தேய்ப்பவர். குளிர்ச்சி வலியைத் தணிக்கும் என்பது மருத்துவம் ஒப்பிய உண்மையாதலின், விடியலில் இம்முறை ஓரளவு பலிக்கும். நண்பகல் வெயிலில் காய்ந்த கத்திக்கு இவ்விதி பொருந்தாது.

இம்மூன்றையும் ஒப்புநோக்கின் இரண்டு விதிகள் புலப்படும். முதலாவது அண்மை விதி: மருந்தைத் தீர்மானிப்பது நஞ்சின் தன்மை அன்று, கைக்கு எட்டும் தொலைவே. சுருக்குப்பை வைத்திருப்பவர் சுண்ணாம்பராகவும், அடுப்பங்கரையில் நிற்பவர் வெங்காயராகவும், காப்பித் தோட்டத்தில் கவாத்துக் கத்தியுடன் நிற்பவர் இரும்பராகவும் ஆவது இதனாலேயே. இரண்டாவது கடைப்பூச்சு விதி: கடும்வலி எதுவும் செய்யாவிடினும் சிறிது நேரத்தில் தானே தணியுமாதலின், தணியும் வேளையில் எவருடைய பூச்சு தோலின்மேல் இருந்ததோ அவரே ஊரில் வைத்தியராகப் புகழ்பெறுவார்.

மேலைநாட்டாரும் இத்துறையைப் புறக்கணித்தாரல்லர். அமெரிக்காவில் மைக்கேல் ஸ்மித் என்னும் ஆய்வாளர் தம் உடலின் 25 இடங்களில் தேனீயைக் கொட்டச்செய்து, மூக்குத்துளையே வலியின் உச்சம் என நிறுவி, 2015இல் இக் நோபல் என்னும் நகைச்சுவைப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதனினும் பயனுள்ளது, 1996இல் லான்செட் இதழில் விஷர் முதலியோர் வெளியிட்ட முடிபு. தேனீ அகன்ற பின்னும், தோலில் தங்கிய கொடுக்கோடு ஒட்டிய நஞ்சுப்பை துடித்துத் துடித்து நஞ்சைச் செலுத்திக்கொண்டே இருப்பதால், கொடுக்கைக் கிள்ளி எடுப்பதா சுரண்டி எடுப்பதா என்பது பொருட்டன்று, எவ்வளவு விரைவில் எடுக்கப்படுகிறது என்பதே பொருட்டு என்று அவர்கள் கண்டனர். சுண்ணாம்பரும் வெங்காயரும் இரும்பரும் கூடி வாதிடும் நேரம் முழுவதும் நஞ்சுப்பை தன் கடமையில் வழுவாதிருக்கும் என்பது இதனால் பெறப்படும்.

ஆகவே, அண்மை விதியை முறையாகப் பின்பற்றின், கைக்கு மிக அண்மையில் உள்ள மருந்து விரல்நகமே என்பது முடிபு. கொடுக்கை உடனே அகற்றி, தேன்கூட்டை விட்டு விலகி, சோப்பிட்டுக் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்தபின், எஞ்சிய நேரத்தில் மூன்று பிரிவினரும் விரும்பியவாறு வாதிடலாம். ஆயின், மூச்சுத்திணறல், முகவீக்கம், மயக்கம், உடலெங்கும் தடிப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், பல தேனீக்கள் ஒருங்கே கொட்டினாலும், விவாதத்தை அக்கணமே நிறுத்தி 108ஐ அழைத்தல் வேண்டும். ஒவ்வாமையால் நேரும் அந்நிலைக்கு மருந்து அட்ரினலின் ஊசியே. அது எந்தச் சுருக்குப்பையிலும் இல்லை.